கெட்டியாக இருக்கிறதே, எதனால்?

வீட்டில் ஆறு பேருக்குச் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும். திடீரென்று பார்த்தால் வாசலில் நாலு ஜோடி செருப்பு கூடுதலாகக் கிடக்கும். அடுப்படியில் நிற்பவர் பதறவே மாட்டார். இரண்டு சொம்பு தண்ணீர், கொஞ்சம் புளி, உப்பு. பிறகு ஒரு கரண்டி அரிசி மாவைக் கரைத்து ஊற்றி ஒரு கொதி. பருப்பு ஒரு மணிகூடக் கூடவில்லை, ஆனால் சாம்பார் பழையபடி கெட்டி. வந்தவர்களும் "குழம்பு பிரமாதம்" என்று சொல்லிவிட்டுத்தான் கை கழுவுவார்கள்.

இதைக் கலப்படம் என்று யாரும் சொல்வதில்லை. காசு வாங்கி விற்கவில்லையே!

இதே வித்தையைத் தொழிற்சாலையில் செய்யும்போது அந்த ஒரு கரண்டி மாவுக்கு நாலு இலக்க எண் வந்துவிடுகிறது. வீட்டில் கெச்சப் பாட்டில், மயோனைஸ், சூப் பாக்கெட், பழத் தயிர்க் கப் எது இருந்தாலும் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியல் இருக்கும். அதில் பல பாக்கெட்டுகளில் 'ஐ.என்.எஸ். 1422', '1442', '1414' என்று ஏதாவது ஒன்று கண்ணில் படும். பதினான்கில் தொடங்கும் இந்த நாலு இலக்கக் குடும்பம்தான் மாடிஃபைட் ஸ்டார்ச். பண்பு மாற்றிய மாவுச்சத்து.

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு மாவுச்சத்து பற்றி வகுப்பெடுக்கத் தேவையில்லை. சிவகாசியில் காகிதக் குழாய் உருட்டுவது, பெட்டி ஒட்டுவது, காலண்டருக்கும் நோட்டுக்கும் பைண்டிங் போடுவது என்று எதை எடுத்தாலும் பசை வேண்டும். மைதாவையோ மரவள்ளி மாவையோ கரைத்துக் காய்ச்சினால் பசை. பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலக்கும் பழக்கமும் உண்டு. அப்படிக் கலந்துவிட்டால் அது விஷம், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று டெக்ஸ்ட்ரின். ஸ்டார்ச்சை வறுத்தால் கிடைக்கிற மஞ்சள் பழுப்புத் தூள். தண்ணீர் பட்டால் கோந்து போல ஒட்டும். கம்பி மத்தாப்பில் மருந்து கம்பியோடு ஒட்டி நிற்பதற்கும், வானத்தில் பூவாய் விரியும் வாண வேடிக்கையின் சின்னச் சின்ன உருண்டைகள் உதிராமல் இருப்பதற்கும் உலகம் முழுக்கப் பயன்படுகிற ஒட்டுப்பொருள் இதுதான். ஆச்சரியம் என்னவென்றால், உணவுச் சேர்க்கைப் பொருள் பட்டியலிலும் டெக்ஸ்ட்ரின் இருக்கிறது. எண் 1400, அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை.

மத்தாப்பிலும் உணவிலும் ஒரே பொருளா என்று அலற வேண்டாம். மூலப்பொருள் ஒன்றாக இருக்கலாம், மூட்டை வேறு. உணவுக்கான மூட்டையில் ஈயம், ஆர்செனிக் போன்றவை எவ்வளவுக்குள் இருக்க வேண்டும், எந்த ரசாயனத்தை எந்த அளவில் பயன்படுத்தி மாற்றியிருக்க வேண்டும் என்று வரையறை உண்டு. ஒட்டுவதற்கான மூட்டைக்கு அந்தச் சோதனை எதுவும் தேவையில்லை. இரண்டும் வெள்ளையாக, மாவாக, ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் தெரிவது காகிதத்தில் மட்டும். இந்தக் காகிதத்தை மதிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தைவானில் ஒரு கதை இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

எதற்காக மாற்றுகிறார்கள்?

மறுபடியும் அந்தச் சாம்பாருக்குப் போவோம். மாவு கரைத்து ஊற்றிய சாம்பாரை மறுநாள் காலையில் திறந்தால் மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். அடியில் மாவு தனியாகத் திரண்டிருக்கும். அதிக நேரம் கொதிக்கவிட்டால் கெட்டித்தன்மை குலையும். புளி கூடினால் இன்னும் சீக்கிரம் நீர்த்துப் போகும். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் கேட்கவே வேண்டாம், திரிதிரியாகிவிடும்.

காரணம் எளிது. மாவுச்சத்து என்பது நுண்ணிய மணிகள். ஒவ்வொரு மணிக்குள்ளும் சர்க்கரைக் கண்ணிகள் கோத்த நீண்ட சரங்கள் சுருண்டு கிடக்கின்றன. சூடு ஏற ஏற மணி தண்ணீரைக் குடித்து ஊதும். குழம்பு கெட்டியாவது அந்த நேரத்தில்தான். இன்னும் சூடாக்கினாலோ, புளிப்பு சேர்ந்தாலோ மணி வெடித்துச் சரங்கள் சிதறிவிடும், கெட்டி போய்விடும். ஆறிய பிறகு சரங்கள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிக்கொண்டு, நடுவில் இருந்த தண்ணீரை வெளியே தள்ளும்.

சாம்பார் அன்றைக்கே காலியாகிவிடும், பரவாயில்லை. கெச்சப் பாட்டில் அப்படியா? தொழிற்சாலையில் கொதித்து, லாரியில் குலுங்கி, சித்திரை வெயிலில் கடை அலமாரியில் நின்று, ஆறு மாதம் கழித்துப் பாட்டிலைக் கவிழ்த்தாலும் தண்ணீர் தனியாக வரக் கூடாது. அதற்காகத்தான் மாவுச்சத்தை மாற்றுகிறார்கள். சரவெடி பின்னும்போது இடையிடையே முடிச்சுப் போடுவது போல, மணிக்குள் இருக்கும் சரங்களுக்கு இடையே சில இடங்களில் ரசாயன முடிச்சுப் போடுகிறார்கள். மணி ஊதும், ஆனால் வெடிக்காது. கூடவே சரங்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சின்னச் சின்ன ஆப்புகளையும் செருகுகிறார்கள். 1422 என்பது இந்த இரண்டு வேலையும் செய்யப்பட்ட ஸ்டார்ச். முடிச்சுக்கு அடிபேட், ஆப்புக்கு அசிட்டைல். அளவு மிகக் குறைவு. அசிட்டைல் 2.5 சதவீதத்தையும், அடிபேட் 0.135 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தர வரையறை.

ரசாயனம் என்றதும் பயந்து வாட்ஸ்அப்பில் ஃபார்வேர்டு போடுபவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்கலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-ல் பன்னிரண்டு வகை மாடிஃபைட் ஸ்டார்ச்சுகளை மறுபடி ஆராய்ந்தது. உணவில் பயன்படும் அளவில் கவலைப்பட ஒன்றுமில்லை, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று எண்ணால் உச்சவரம்பு வைக்கவும் தேவையில்லை என்று சொன்னது. இந்தியாவிலும் இந்த வகைகளில் பலவற்றைப் பல உணவுகளில் 'நல்ல உற்பத்தி முறைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு' என்ற விதியின்கீழ் சேர்க்கலாம். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குத் தண்ணீர் புரையேறாமல் இருக்க மருத்துவர்கள் கலந்து கொடுக்கச் சொல்லும் கெட்டியாக்கிப் பொடிகள் சிலவற்றிலும் இதே மாடிஃபைட் ஸ்டார்ச்தான் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் மட்டும் ஒன்றை மறக்க வேண்டாம். எத்தனை முடிச்சுப் போட்டாலும் மாவுச்சத்து மாவுச்சத்துதான், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, பிரச்னை விஷத்தில் இல்லை. கெட்டித்தன்மைக்கு நாம் கொடுக்கிற காசில் இருக்கிறது. தக்காளி கெட்டியாக வேண்டுமானால் நிறையத் தக்காளி வேண்டும், நேரம் வேண்டும், விறகோ கேஸோ வேண்டும். பாலும் அப்படியே. ஸ்டார்ச் இந்த மூன்றையும் மிச்சப்படுத்துகிறது. மிச்சமானது யாருக்கு என்பதுதான் கேள்வி.

பால்கோவா ஊரில் சட்டம்

சிவகாசியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாளைச் சேவித்துவிட்டு வருகிறவர்கள் கையில் பால்கோவாப் பொட்டலம் இல்லாமல் ஊர் திரும்புவது அபூர்வம். 2019-ல் இந்தப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மரபான செய்முறையில் பால், சர்க்கரை இரண்டே பொருள். மூன்றாவது பொருள் கிண்டுகிறவரின் தோள். பத்து லிட்டர் பாலை நிறுத்தாமல் கிண்டிச் சுண்டவைத்தால், சர்க்கரையும் சேர்த்து மூன்று, மூன்றரை கிலோ அளவுக்குத்தான் கோவா தேறும். பத்து லிட்டர் பாலின் இன்றைய விலை, சர்க்கரை, விறகு, கூலி, கடை வாடகை எல்லாம் கூட்டி மூன்றரையால் வகுத்துப் பாருங்கள். எந்த ஊர்ப் பேருந்து நிலையத்திலாவது அதைவிடக் குறைந்த விலைக்கு 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா' என்று கூவி விற்றால், மீதிக் கெட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இந்தியச் சட்டத்தின் சுவாரஸ்யமே இங்கேதான். அதே ஸ்டார்ச், ஒரு பாத்திரத்தில் அனுமதி, அடுத்த பாத்திரத்தில் குற்றம். மயோனைஸில் சேர்த்து லேபிளில் எழுதிவிட்டால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது. பாலில் ஒரு சிட்டிகை கரைத்தாலும் தப்பு. கோவாவுக்கு விதி இன்னும் வெளிப்படையானது. இனிப்புக்கு மூலப்பொருளாக விற்கிற சர்க்கரையில்லாத கோவாவில், ஈரம் நீக்கிய எடையில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் பால் கொழுப்பு இருக்க வேண்டும். ஸ்டார்ச், சர்க்கரை, நிறம் மூன்றும் வெளியிலிருந்து சேர்க்கவே கூடாது. பால்கோவா சர்க்கரை சேர்ந்த பண்டம் என்பதால் அதை இனிப்பு வகையில் வைத்துப் பார்ப்பார்கள். அதற்காக மாவைப் போட்டுவிட்டுச் சொல்லாமல் விற்கலாம் என்று அர்த்தமில்லை. சேர்த்ததைச் சொல்லாமல் விட்டாலே அது தவறான லேபிள்.

இதற்கெல்லாம் அடிப்படை 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம். விதிமுறைகள் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தன. தரம் குறைந்த உணவை விற்றால் 5 லட்சம் ரூபாய் வரை, லேபிளில் தவறாகச் சொன்னால் 3 லட்சம் வரை அபராதம். உடலுக்குக் கேடு என்று நிரூபணமானால் சிறையும் உண்டு.

லேபிளில் எப்படி எழுத வேண்டும் என்பதற்கும் இலக்கணம் இருக்கிறது. 'ஸ்டார்ச்' என்று வெறுமனே எழுதியிருந்தால் அது ரசாயன மாற்றம் செய்யாத சாதாரண மாவுச்சத்து. மாற்றியிருந்தால் அந்தப் பெயரில் ஒளிந்துகொள்ள முடியாது. கெட்டியாக்கியா, நிலைநிறுத்தியா என்று வேலையைச் சொல்லி, பெயரையோ எண்ணையோ போட வேண்டும். அதோடு சேர்மானங்கள் எடை வரிசையில் இறங்கு முகமாக எழுதப்பட வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலே போதும், கடையில் பாதி ரகசியம் உடைந்துவிடும். தக்காளி சாஸில் தக்காளிக்கு முன்னால் தண்ணீரும் சர்க்கரையும் நின்றால், தக்காளியைவிட அவைதான் அதிகம். 'க்ரீம் சூப்' பொட்டலத்தில் ஸ்டார்ச் முதல் வரியிலும் பால் பவுடர் கடைசி வரியிலும் இருந்தால், க்ரீம் என்பது பெயரில்தான்.

இந்த லேபிள்களில் எத்தனை சிவகாசியில் அச்சானவையோ! தீப்பெட்டி லேபிளுக்காகத் தொடங்கிய அச்சுத் தொழில்தானே அந்த ஊரைக் குட்டி ஜப்பான் ஆக்கியதில் பாதி. முன்பக்கத்தில் சொட்டும் தக்காளியைத் தத்ரூபமாக அச்சடிக்கிற அதே இயந்திரம்தான், பின்பக்கத்தில் 1422-ஐயும் அச்சடிக்கிறது. என்ன, முன்பக்கம் பத்தடி தூரத்தில் தெரியும், பின்பக்கத்துக்குப் பூதக்கண்ணாடி வேண்டும்.

லேபிளே இல்லாத இடம்தான் சங்கடம். கல்யாண மண்டபத்து ஸ்வீட் கார்ன் சூப், சாலையோரத்து கோபி மஞ்சூரியன், இரவுக்கடைச் சால்னா. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவுக்குச் சால்னா கெட்டியாக வருவது தேங்காயிலா, பொட்டுக்கடலையிலா, கசகசாவிலா, மாவிலா என்பது மாஸ்டருக்கும் அவருடைய கரண்டிக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். தீபாவளி நேரத்தில் தட்டில் அடுக்கி விற்கிற இனிப்புக்கும் இதே கதைதான். 2020 அக்டோபர் 1 முதல் சில்லறை இனிப்புகளுக்கு 'எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும்' என்று எழுதிவைக்கச் சொல்லிவிட்டார்கள். உள்ளே என்ன சேர்த்தீர்கள் என்பதைக் கடைக்காரரிடம் வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும்.

ஒரு சொட்டு அயோடின்

கேட்க வாய் வரவில்லை என்றால் மருந்துக் கடையில் டிங்சர் அயோடின் கிடைக்கும். ஒரு சுண்டைக்காய் அளவு கோவாவையோ பால்கோவாவையோ கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஒரு கொதி விடுங்கள். நன்றாக ஆறட்டும். ஆறிய பிறகு இரண்டு, மூன்று சொட்டு அயோடின். நீலம் வந்தால் மாவு இருக்கிறது. பாலுக்கும் பனீருக்கும்கூட இதே சோதனைதான், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே வீட்டுச் சோதனைகள் பட்டியலில் சொல்லித் தருகிறது.

ஆற வைப்பது முக்கியம். சூட்டில் நீலம் காணாமல் போய்விடும், "சுத்தமான சரக்கு" என்று ஏமாந்து போவீர்கள். அயோடின் பழசாகியிருக்கிறதா என்று தெரிய, முதலில் வெட்டிய உருளைக்கிழங்கில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மாவு அளந்த ஸ்பூனைத் தொடாதீர்கள். சோதனை செய்ததை வாயில் போட வேண்டாம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் உடனே கொட்டிவிடுங்கள்.

இந்தச் சொட்டுக்கு ஒரு எல்லையும் உண்டு. அது மாவு இருக்கிறதா என்று சொல்லும், எந்த மாவு என்று சொல்லாது. வீட்டு அரிசி மாவும் நீலம்தான், 1422-ம் நீலம்தான், ஒட்டுவதற்காக வாங்கிய தொழிற்சாலை ஸ்டார்ச்சும் நீலம்தான். ஆபத்து கடைசி வகையில். தைவான் கதை அதுதான்.

2013 மே மாதம். பபுள் டீயில் போடுகிற மரவள்ளி உருண்டைகள், அரிசி நூடுல்ஸ், மீன் உருண்டைகள் என்று தைவான் மக்கள் தினமும் சாப்பிடுகிற பண்டங்களில், மாலெயிக் அன்ஹைட்ரைடு கொண்டு மாற்றிய ஸ்டார்ச் இருப்பது வெளியே வந்தது. உணவுக்கு அனுமதியே இல்லாத வகை அது. மென்றால் ரப்பர் போல இழுக்கிற சுகத்துக்காகச் சேர்த்திருக்கிறார்கள். மாலெயிக் அமிலம் அதிக அளவில் போனால் விலங்குகளின் சிறுநீரகத்தைப் பாதிப்பது ஏற்கெனவே ஆய்வுகளில் தெரிந்த விஷயம். கடைகளிலிருந்து டன் கணக்கில் பண்டங்களைத் திரும்ப எடுத்தார்கள், அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். இதில் கவனிக்க வேண்டியது, உருண்டை பிடித்து விற்ற பல சின்னக் கடைக்காரர்களுக்குத் தங்கள் மூட்டையில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. மேலே இருந்து வந்த மாவை வாங்கினார்கள், உருட்டினார்கள்.

அந்த உருண்டைக்கு நம் ஜவ்வரிசி ரொம்ப நெருங்கின உறவு. சேலம், நாமக்கல், தர்மபுரி வட்டாரத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஸ்டார்ச்சும் ஜவ்வரிசியும் வருகின்றன. 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அதை விற்றுத் தருகிறது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. பாயசத்துக்குப் போகிற மாவும், துணிக்குக் கஞ்சியாகப் போகிற மாவும், பசைக்குப் போகிற மாவும் ஒரே கிழங்கின் பிள்ளைகள். ஜவ்வரிசியைப் பளீர் வெள்ளையாக்க ரசாயனம் போடுகிறார்கள் என்று உணவுப் பாதுகாப்புத் துறை அவ்வப்போது ஆலைகளில் சோதனை நடத்துவதும் அந்த வட்டாரத்துக்குப் பழகிய செய்தி.

பசையும் பலகாரமும் அடுத்தடுத்த தெருவில் நடக்கிற சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கம் சின்ன அளவில் மசாலா, சாஸ், இனிப்பு தயாரிக்கிற பெண்கள் குழுக்கள் இருக்கலாம். அவர்கள் மாவு மூட்டை வாங்கும்போது கேட்க வேண்டியது விலையை மட்டும் இல்லை. மூட்டையில் உணவுத் தரம் என்று எழுதியிருக்கிறதா, பதினான்கு இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா, பில்லில் அதே பெயர் வருகிறதா என்று பார்த்தால்தான் நாளைக்கு அதிகாரி வந்து நிற்கும்போது கை காட்ட ஒரு காகிதம் இருக்கும். 'ஒட்டுறதுக்கு வர்ற மாவுதான் சார், நல்லா வெள்ளையா இருக்கு, கிலோவுக்கு நாலு ரூபா கம்மி' என்று யாராவது சொன்னால், அந்த நாலு ரூபாயை அவரிடமே விட்டுவிடலாம்.

வாங்குகிற நமக்கும் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது, அதிகம் பேர் நுழைவதில்லை. சட்டத்தின் 40-வது பிரிவு. உணவு ஆய்வு அதிகாரிதான் மாதிரி எடுக்க வேண்டும் என்றில்லை, காசு கொடுத்து வாங்கிய யாரும் அந்தப் பொருளை உணவுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் செலுத்திச் சோதிக்கச் சொல்லலாம். சோதனைக்குக் கொடுக்கப் போவதை வாங்கும் நேரத்திலேயே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். அறிக்கையில் தவறு இருப்பது தெரிந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும், கடை மீது நடவடிக்கையும் தொடங்கும்.

அதற்கு முதலில் ஒன்று வேண்டும். அடுத்த முறை பால்கோவா வாங்கும்போது, பொட்டலத்தோடு பில்லையும் கேட்டு வாங்குங்கள்.